அத்தா நின்ற மூன்று இடங்கள்

ஊருக்குள் மைக் பிடித்துக் கூவுகிற தொழிலில், நல்ல சேதி கொண்டு வருகிறவன் பின்னால் பிள்ளைகள் ஓடிவரும். கெட்ட சேதி கொண்டு வருகிறவன் முன்னால் கதவுகள் சாத்திக்கொள்ளும். நான் பிடித்தது இரண்டாவது வகை மைக். பல்பொடிக்கோ சர்க்கஸுக்கோ கூவிப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தொண்டை கட்டினால் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். மீதிப் பாட்டை நான் சொல்கிறேன்.

பூந்தமல்லி பள்ளிவாசல் தெருவில் என் பெயர் யூசுப். ஆனால் அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்டவர் என்னைப் பெற்ற அத்தா ஒருவர்தான். மற்றவர்களுக்கு நான் ‘ரேடியோ’. பஸ் கண்டக்டர், கணக்கு வாத்தியார், விடிந்ததும் வெறும் காற்றைக் கக்கும் தெருக்குழாய், எதுவானாலும் ஒரு வாரம் கேட்டால் என் தொண்டைக்குள் வந்துவிடும். எஸ்.எஸ்.எல்.சி. மட்டும் இரண்டு தடவை உட்கார்ந்தும் வரவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. அங்கிருந்த டாக்டரம்மாவுக்கு ஒரு கவலை. எங்கள் தெரு ஆண்களும், ஆவடிப் பக்கம் சர்ச் லைனில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் காய்ச்சலுக்கு வருவார்கள், கட்டிக்கு வருவார்கள், நெஞ்சுக்கு மட்டும் வரமாட்டார்கள். வந்தால் நாலு பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதனால் நாற்பது தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தமும் ரத்தத்தில் கொழுப்பும் பார்க்க இலவச முகாம் வைத்தார். முதல் வாரம் பந்தலுக்குள் வந்தது ஒரு ஆடு. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

தெரு காலி

சைக்கிள் ரிக்‌ஷாவின் முன்னால் குழாய் ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் கார் பேட்டரி, சீட்டின் மேல் நான். மிதித்தவர் முனுசாமி அண்ணாத்தே. டாக்டரம்மா தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார்: “பெரியோர்களே, உங்கள் இருதயம் எந்த அறிவிப்பும் இல்லாமல் நின்றுவிடக் கூடும்.” நான் அதை ரேடியோவில் செய்தி வாசிப்பவர் குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தேன்.

முதல் வீட்டில் கதவு சாத்தியது. இரண்டாவது வீட்டில் கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு சாத்தினார்கள். தெருக்கோடிக்குப் போவதற்குள் நாய் கூட இல்லை. எனக்கே முதுகில் சில்லென்றது. அந்த வாக்கியத்தை ஏழெட்டுத் தடவை கேட்ட ஆள் அந்தத் தெருவில் நான் ஒருவன்தானே. முனுசாமி அண்ணாத்தே பெடலை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“இன்னா நைனா இது, சாவு மோளமே தேவலாம் போலகீது. அதுக்காவது நாலு பேரு ஆடிக்கினு வருவான்.”

கறிக்கடை பாயின் குரல்

மறுநாள் டாக்டரம்மாவின் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, என் சரக்கை எடுத்துவிட்டேன். மாமியார் குரலில் மருமகனுக்கு எண்ணெயைக் குறைக்கச் சொன்னேன்; மருமகன் குரலில் அழுதேன். கதவுகள் ஒரு சாண் திறந்தன. அந்தத் தெம்பில் கறிக்கடை காதர் பாயின் கரகரத்த குரலை எடுத்து, “கொழுப்பு இல்லாத கறியா பாத்துக் கேட்டு வாங்குங்க, வாரத்துக்கு ஒரு நாள் போதும்” என்று அறிவித்தேன். தெருவே சிரித்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் காதர் பாய் ரிக்‌ஷா முன்னால் நின்றார். கையில் கறி வெட்டும் கத்தி. அதைக் கீழே வைத்துவிட்டு வர அவருக்கு மறந்துபோயிருந்தது என்று பிறகு சொன்னார்கள்; அப்போது எனக்கு அது தெரியாது. அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“என் கொரலத் திருடி, அத வச்சே என் கடைய மூடச் சொல்றியே, இதுக்கு நீ என் ஆட்டையே திருடியிருக்கலாம்டா ரேடியோ.”

பேப்பரில் ஒரு திருத்தம்

சர்ச் லைனில் ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு துரை இருந்தார். தொடை அகலத்துக்குக் கை. ரயில் கூவுகிற மாதிரி நான் வாயால் கூவியதும், “அது ஸ்டீம் இன்ஜின் இல்ல மேன், கழுதை” என்று திருத்துவதற்காகவே வெளியே வந்தார். திருத்தியவரை அப்படியே பேசிப் பேசி மரத்தடி நாற்காலியில் உட்கார வைத்தோம். டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பாதரசம் ஏறியது, இறங்க மனசில்லாமல் நின்றது. டாக்டரம்மா இரண்டாவது தடவையும் பார்த்தார்.

துரை முகத்தில் இருந்த சிவப்பு போய்விட்டது. எண்ணை எழுதிக் கொடுத்த சீட்டை இரண்டாக, நாலாக, எட்டாக மடித்தார். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தோளில் கை வைத்தார்.

“டாக்டர்கிட்ட சொல்லி இந்த நம்பரைக் கொஞ்சம் கொறச்சு எழுதச் சொல்லு மேன், வீட்ல லேடி பார்த்தா அவளுக்கு ஏறிடும்.”

வெறும் வயிறு

ரத்தத்தில் கொழுப்பு பார்க்க வேண்டுமென்றால் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் வர வேண்டும். இதை நான் ஆறு குரலில் சொன்னேன். காலையில் எங்கள் தெருவிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். ரத்தம் எடுக்கும் முன் டாக்டரம்மா ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவர் டீ மட்டும், அதுவும் ஆடை நீக்காத டீ. இன்னொருவர் டீக்குத் துணையாக இரண்டு பொறை ரொட்டி. எல்லாரும் தங்கள் வயிறு வெறும் வயிறுதான் என்று உறுதியாக நம்பினார்கள்.

கடைசியாக வந்த மாமி சத்தியமே செய்தார். சத்தியம் செய்த கையில் தேங்காய்ப்பால் வாசனை அடித்தது. டாக்டரம்மா ஊசியைத் திரும்ப டப்பாவில் வைத்துவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

“சோறு தின்னாத்தானேம்மா சாப்பாடு, நான் தின்னது ஆறே ஆறு இடியாப்பம்.”

அஜ்ரத்தின் இருமல்

அடுத்த வாரம் நோன்பு மாதம் பிறந்தது. முகாமை மூட்டை கட்டிவிடலாம் என்றார் டாக்டரம்மா. எனக்குத்தான் பொறி தட்டியது. விடியும் முன் சாப்பிட்டவர்கள் பொழுது சாயும்வரை தண்ணீர் கூடக் குடிக்கமாட்டார்கள். சாயங்காலம், நோன்பு திறக்க அரை மணி இருக்கும்போது ரத்தம் எடுத்தால், இடியாப்பத்துக்கு வேலையே இல்லை. டாக்டரம்மா என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. ஆனால் தெருவில் ஒரே பேச்சு: ரத்தம் எடுத்தால் நோன்பு முறிந்துவிடும்.

நான் யோசிக்கவில்லை. பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் அஜ்ரத்தின் குரலை எடுத்து, அவர் இருமுவதுபோலவே நடுவில் இரண்டு தடவை இருமி, “முறியாது, பயப்படாமல் போங்கள்” என்று குழாயில் அறிவித்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் அஜ்ரத் ஆள் அனுப்பினார். அவர் முன்னால் போய் நின்றேன். “அதை இப்ப செய்” என்றார். செய்தேன், இருமலோடு. கண்ணை மூடிக் கேட்டார். மார்க்கத்தில் நான் சொன்னது சரிதான் என்றும், அதைச் சொல்ல நான் யார் என்றும் கேட்டு, காதைத் திருகினார். மறுநாள் தொழுகைக்குப் பிறகு அவரே எழுந்து அதைச் சொல்லவும் செய்தார். தொழுகை முடிந்து நான் வாசலுக்கு வந்ததும் பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டார்.

“டேய், நான் நிசமாவே அப்படித்தான் இருமுறேனா? அப்ப அந்த டாக்டரம்மாகிட்ட மொதல்ல நான்தான் கையை நீட்டணும்.”

என் சிறந்த ஐட்டம்

அஜ்ரத் கையை நீட்டிய பிறகு பந்தலில் உட்கார இடமில்லை. பசியும் தாகமுமாகக் காத்திருந்தவர்களுக்குப் பொழுதுபோக நான் ஒவ்வொருவர் குரலாக எடுத்துவிட்டேன். கடைசியாக என் சிறந்த சரக்கு: அத்தா. அத்தா பெயர் கமாலுதீன். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். சினிமா என்ற சொல்லை நான் உச்சரித்தால் வாயில் அடி விழும். அப்படிப்பட்டவர் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வரும் வழியில், சினிமா போஸ்டர் ஒட்டிய சுவர் முன்னால் தினமும் இரண்டு நிமிஷம் நிற்பார். பிறகு வளையல் கடை முன்னால். பிறகு ரேஷன் கடை முன்னால். டிபன் கேரியரை இடது கைக்கு மாற்றுவது, உடனே வலது கைக்கே மாற்றிக்கொள்வது, இடது தோளைக் குலுக்குவது, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையால் மாவு தேய்ப்பதுபோல் தேய்ப்பது எல்லாவற்றையும் செய்து காட்டினேன். அத்தாவைத் தெரிந்தவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “அந்த நெஞ்சைத் தேய்க்கிறது நீ சேர்த்ததா?” என்று கேட்டார். நான் எதையும் சேர்ப்பதில்லை, பார்த்ததைத்தான் செய்வேன் என்று பெருமையாகச் சொன்னேன். “போஸ்டர்ல நடிகையைப் பார்க்கிறார், சரி. வளையல் கடையில வளையல் பார்க்கிறார், அதுவும் சரி” என்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சாயங்காலம் ரேஷன் கடை பூட்டித்தானே இருக்கும், பூட்டைப் பார்த்துக்கிட்டு ரெண்டு நிமிஷம் எதுக்குப்பா நிக்கிறாரு?”

முகம்

அன்று இரவு நோன்புக் கஞ்சிக்கு அத்தாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். அத்தாவைப் பார்ப்பதும் பார்க்காததுமாக இருந்தேன். மறுநாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் ஒளிந்திருந்து பின்னாலேயே நடந்தேன். அடிகளை எண்ணினேன். அறுபதாவது அடியில் போஸ்டர் சுவர் முன்னால் நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் இத்தனை நாளாக எடுத்துவிட்டது அத்தாவின் முதுகை. பயத்தில் எப்போதும் பின்னாலிருந்தே பார்த்தவன், நிற்கும்போது அவர் முகம் எப்படியிருக்கும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனேன். அத்தாவின் கண் மூடியிருந்தது. உதடு வெளுத்து, நெற்றியில் வேர்வை மணி மணியாக நின்றது. சுவரில் போஸ்டரே இல்லை. காலையில் கிழித்துவிட்டிருந்தார்கள், பசை மட்டும்தான் இருந்தது. “அத்தா, என்ன பாக்குறீங்க?” என்றேன். கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்து, வெற்றுச் சுவரைப் பார்த்து, நடக்க ஆரம்பித்தார்.

“ஒண்ணுமில்ல யூசுப், படம் மாறிடுச்சான்னு பாத்தேன்.”

பெரியத்தா

நடந்தால் நெஞ்சு வலிக்கிறது, அதனால்தான் நிற்கிறார், டாக்டரம்மாவிடம் காட்டுவோம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். அம்மா அழுதார். அத்தா, “மைக்ல சொல்றதை வீட்டுக்குள்ளயும் கொண்டாந்துட்டியா” என்றார். வாயு என்றார். லேத் முன்னால் நாள் முழுக்க நிற்கிறவனுக்கு வலிக்காமல் இருக்குமா என்றார். இத்தனை நாள் நான் செய்த புளுகும் பகடியும் இப்போது வட்டியோடு திரும்பி வந்தது. நான் நிஜமாகப் பேசுகிறேன் என்று நம்ப அவரிடம் காரணமே இல்லை. டாக்டரம்மாவே ஒரு தடவை வீட்டுக்கு வந்தார். அத்தா நாற்காலி போட்டு, அம்மாவிடம் சொல்லி அவருக்கு மட்டும் டீ போடச் செய்து, மரியாதையாக அனுப்பி வைத்தார்.

அவர் போன பிறகுதான் அத்தா காரணத்தைச் சொன்னார். என் பெரியத்தா, அத்தாவின் அண்ணன். நான் முதன்முதலில் எடுத்த குரலே அவருடையதுதான், ஆறு வயதில். இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துவிட்டு, “டேய் கமாலு” என்று அவர் கூப்பிட்டால் அத்தா போட்டது போட்டபடி ஓடுவார். பெரியத்தா இறந்த மூன்றாம் நாள் தெரியாத்தனமாக அந்தக் குரலை எடுத்தேன். அத்தா எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். அன்றோடு அந்தக் குரலைப் பூட்டி வைத்துவிட்டேன்.

“எங்கண்ணன் ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாரு யூசுப், தூக்கிட்டுதான் வந்தாங்க.”

பூட்டைத் திறந்தேன்

தொழில்காரர்களே, உங்களில் யாராவது இப்படி ஒரு முட்டாள்தனம் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அத்தா யார் பேச்சையும் கேட்கமாட்டார், அண்ணன் பேச்சைத் தவிர. அந்த அண்ணன் என் தொண்டைக்குள் இருக்கிறார். இவ்வளவுதான் என் கணக்கு. அத்தா அதைச் சொன்ன மூன்றாம் நாள் சாயங்காலம் ரிக்‌ஷாவை வளையல் கடைக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னேன். அத்தா வந்தார். போஸ்டர் சுவரில் நின்றார். வளையல் கடையில் முன்னைவிட அதிக நேரம் நின்றார். முனுசாமி அண்ணாத்தே, “வோணாம் நைனா, எனக்கு என்னமோ மாரி கீது” என்றார். நான் மைக்கை வாயருகே கொண்டுபோய் இரண்டு தடவை கனைத்தேன்.

“டேய் கமாலு. அங்க என்னடா நிக்கிறே. டாக்டரம்மாகிட்டப் போடா.” குழாய் வழியாக அது என் குரலே இல்லை, எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அத்தா ரிக்‌ஷா பக்கம் திரும்புவார், புரிந்துகொண்டு திட்டுவார், திட்டிக்கொண்டே வருவார் என்று நினைத்திருந்தேன். அவர் திரும்பியது பள்ளிவாசலுக்குப் பின்னால், பெரியத்தாவை அடக்கம் செய்திருந்த கபர்ஸ்தான் பக்கம். முகம் மலர்ந்தது. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்க வைத்திருந்த டிபன் கேரியர் கையிலிருந்து விழுந்து உருண்டது. அப்படியே மடங்கித் தரையில் உட்கார்ந்தார்.

“வர்றேண்ணே.”

திறந்த மைக்

பிறகு நடந்ததில் எனக்கு நினைவிருப்பது பாதிதான். மைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். நானும் முனுசாமி அண்ணாத்தேயும் அத்தாவைத் தூக்கி ரிக்‌ஷாவில் கிடத்தினோம். தலை என் மடியில். மைக் என் காலடியில் கிடந்ததையும், அதை நான் அணைக்காததையும் நாங்கள் கவனிக்கவில்லை. நான் என்னவெல்லாம் கத்தினேன் என்று தெரியாது. தெருவுக்குத் தெரியும்; குழாய் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனது.

கதவுகள் திறந்தன. இத்தனை வாரம் என்னைக் கண்டு சாத்திய கதவுகள். காதர் பாய் கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து பின்னாலிருந்து தள்ளினார். நோன்பு திறக்கக் கையில் பேரீச்சம்பழம் வைத்திருந்தவர்கள் பழத்தோடு ஓடிவந்தார்கள். முனுசாமி அண்ணாத்தே சீட்டில் உட்காராமல் எழுந்து நின்று மிதித்தார். ஆஸ்பத்திரி வாசலில் மூச்சு வாங்க என் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

“எத்தினி கொரல்ல கூவியிருப்ப, ஒருத்தன் வர்ல, இன்னிக்குத்தான் நைனா ஒன் கொரல நானே கேக்குறேன், ஊரே பின்னால வந்துகினுகீது.”

பத்து நிமிஷம்

அத்தாவுக்கு நினைவு இருந்தது. நெஞ்சில் வயரை ஒட்டிக் காகிதத்தில் கோடு இழுக்கும் பெட்டியை டாக்டரம்மா ஓடவிட்டார். கோட்டைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்க்கவில்லை. நாக்குக்கு அடியில் வைக்க ஒரு சின்ன மாத்திரையை எடுத்தார். அத்தா பல்லைக் கடித்துக்கொண்டார். நோன்பு திறக்கும் பாங்கு சொல்லப் பத்து நிமிஷம் இருந்தது. நோன்பை முறிக்கமாட்டாராம். நெஞ்சைக் கல்லால் அழுத்துவதுபோல் முகம் கோணுகிறது, வாய் மட்டும் திறக்கவில்லை. நான் காலைப் பிடித்தேன். அம்மா வந்து சேரவில்லை. டாக்டரம்மா கையில் மாத்திரையோடு, “பத்து நிமிஷம் என்கிட்ட இல்லை” என்றார்.

வரிசையில் தன் ரத்த முடிவைக் கேட்க வந்திருந்த அஜ்ரத் உள்ளே வந்தார். அத்தாவின் தாடையை, குழந்தைக்கு மருந்து புகட்டுகிறவர்போல், இரண்டு விரலால் பிடித்தார். விட்ட நோன்பைப் பிறகொரு நாள் பிடித்துக்கொள்வதை எங்களில் கழா என்போம்.

“கழா வைக்கலாம் கமாலு, ஆனா அத வைக்க ஆளு உசுரோட இருக்கணுமில்ல.”

மறுபடியும் சுவர்

அத்தா வாய் திறந்தார். அன்றிரவே பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் நான் யார் குரலையும் எடுக்கவில்லை. மைக் பிடித்தால் கனைப்பு வந்துவிடுமோ என்று பயம். கூவ வேண்டிய அவசியமும் இல்லை. பந்தல் வரிசை கறிக்கடை வரை நின்றது, முதல் ஆளாகக் காதர் பாய். அத்தாவின் ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கம் என்று தாள் வந்தது. அது பிள்ளைக்கும் வரும் என்று எனக்கும் ஒரு குத்து குத்திப் பார்த்தார்கள்.

பெருநாள் கழிந்து அத்தா திரும்பினார். பஸ்ஸை விட்டு இறங்கி, ரிக்‌ஷா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நடந்தே வந்தார். பையில் மாத்திரை, பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நான். போஸ்டர் சுவரும் வளையல் கடையும் வந்தன, போகிற போக்கில் தாண்டினார். ரேஷன் கடை வந்தது, தாண்டினார். அப்பாடா என்று நினைத்தேன். சட்டென்று திரும்பி, வந்த வழியே நடந்து, போஸ்டர் சுவர் முன்னால் போய் நின்றார். புதுப் போஸ்டர். ஓடிப்போய் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. அன்று கூப்பிட்டது யார் என்று அவர் இதுவரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு மீசையைத் தடவினார்.

“பயப்படாத, இப்ப வலி இல்ல, இத்தன நாளு இங்கயே நின்னேனே, ஒண்ணையும் ஒழுங்கா பாக்கலயேன்னு பாக்குறேன்.”

ஆக, ஊரைப் பயமுறுத்தச் சம்பளம் வாங்கிய நான், இப்போது அத்தா எந்த நடிகை முன்னால் எத்தனை நிமிஷம் நிற்கிறார் என்று சம்பளமில்லாமல் பயந்துகொண்டிருக்கிறேன்.